முடிவு சொல்ல வேண்டியவர்

மார்ச் 4

லிஃப்ட்காரருக்கு,

வணக்கம். 'அன்புள்ள' என்று தொடங்கக் கை வரவில்லை, மன்னிக்கவும். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை கடையில் ஒரு அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். பதினாலு ஃபிரேம் பார்த்துவிட்டு, "நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க" என்று என் முகத்தைப் பார்த்தார். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன். "உங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இடத்துல மயங்கி விழுந்துட்டார். இதயம் பலவீனமா இருக்கு, நுரையீரல்ல தண்ணி கோத்திருக்கு. தேவைப்பட்டா மூச்சுக்குக் குழாய் போடலாமா? நீங்கதான் சொல்லணும்."

எனக்கு வீட்டுக்காரர் யாரும் இல்லை, விவாகரத்தாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது என்றேன். "ஃபாரத்துல உங்க பேர்தான் இருக்கு மேடம்" என்றாள் போனில் பேசிய பெண். நாம் பிரிவதற்கு முந்தின வருஷம் கை நசுங்கி அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்தீர்களே, அப்போது எழுதிக் கொடுத்த ஃபாரம்! அதை மாற்ற இத்தனை வருஷத்தில் உங்களுக்கு ஒரு அரை மணி நேரம் கிடைக்கவில்லையா? குழாய் தேவைப்படவில்லை, தப்பித்தேன். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று நாம் இரண்டு பேரும் பதினோரு வருஷம் பேசியும் முடிவுக்கு வரவில்லை. உங்கள் உயிருக்கு நான் முடிவு சொல்வதா?

நான் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. உடனே பேரை மாற்றுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதுவது மரியாதைக்காகத்தான்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி


மார்ச் 9

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

எனக்கு 'அன்புள்ள' எழுதக் கை வருகிறது. செலவில்லாத விஷயம்தானே. நலமாக வீடு வந்து சேர்ந்தேன்.

நீ வரவில்லை என்று எழுதியதைப் படித்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு பழுப்புக் குடை கிடந்ததாம். கைப்பிடியில் கறுப்பு ஒயர் டேப் சுற்றியிருக்கிறது. சுற்றியவன் நான்தான். "ஒரு அம்மா சாயங்காலம் வரைக்கும் இங்கயே உட்கார்ந்திருந்தாங்க. நீங்க கண் முழிச்சாச்சுன்னு சொன்னதும் கிளம்பிட்டாங்க" என்றார் நர்ஸ். யாரோ போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். குடை வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

டிஸ்சார்ஜ் ஆகும்போது புதிய ஃபாரம் கேட்டு வாங்கி, மறுபடியும் உன் பேரையே எழுதிக் கொடுத்தேன். கிழித்துப் போடாமல் மேலே படி. அதில் 'நினைவு தப்பினால் முடிவு சொல்ல வேண்டியவர்' என்று ஒரு கட்டம்தான் இருக்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்று எழுத இடமில்லை. எனக்குக் குழாய் வேண்டாம். மெஷின் வேண்டாம். நாற்பது வருஷம் லிஃப்ட் மெஷினைப் பார்த்துக்கொண்டவன் நான். கடைசியில் ஒரு மெஷின் என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டாம். என் உயிர் என்னுடையது. அது போகிற விதத்தையும் நான்தான் சொல்வேன்.

என் தம்பியை உனக்குத் தெரியும், ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுவான். டாக்டர் என்ன கேட்டாலும் அழுதுகொண்டே தலையாட்டுவான். என் ஆயுசில் நான் கேட்ட எதற்கும் கொஞ்சமும் தயங்காமல் 'வேண்டாம்' என்று சொன்ன ஒரே ஆள் நீ. அதையே இன்னும் ஒரு தடவை டாக்டரிடம் சொல், போதும்.

அன்புடன்,
லிஃப்ட்காரன்


மார்ச் 13

லிஃப்ட்காரருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு பேருக்கு இடது கண்ணையும் வலது கண்ணையும் மாற்றி எழுதிவிட்டேன். அந்தப் பாவம் உங்களையே சேரட்டும். குடை என்னுடையது இல்லை.

'என் உயிர் என்னுடையது.' ரொம்ப சந்தோஷம். உங்களுடையது என்றால் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, ஏன் என் தலையில் கட்டுகிறீர்கள்? நேரத்துக்கு மாத்திரை போடுவது உங்கள் கையில் இருக்கிறது. செய்ய மாட்டீர்கள். உப்பைக் குறைப்பதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. அதுவும் முடியாது. சாவை மட்டும் இஷ்டப்படி செய்ய வேண்டும், அதற்கு ஒத்தாசைக்கு ஒரு பெண்டாட்டி வேண்டும், அதுவும் முன்னாள் பெண்டாட்டி!

நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். 'வேண்டாம்' என்று சொன்ன வாயோடு மறுநாள் நான் கடையைத் திறந்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதை யோசித்தீர்களா? எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரி


மார்ச் 20

அன்புள்ள உனக்கு,

யோசித்தேன். அதனால்தான் பதில் தாமதம்.

லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் செய்கிற முதல் காரியம் கதவை நெம்புவது. நின்ற லிஃப்ட் யாரையும் கொன்றதில்லை. நெம்பித் திறந்து குதிக்கிறவர்கள்தான் இடைவெளியில் விழுவார்கள். அதனால் சரிசெய்யப் போகும்போது மேலேயிருந்து ஒன்றைத்தான் கத்துவேன்: "நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க!" உள்ளே கெஞ்சுவார்கள், என் பரம்பரையையே திட்டுவார்கள். ஒரு நாளும் அவர்கள் பேச்சைக் காதில் வாங்கியதில்லை.

இப்போது உள்ளே இருப்பது நான். வெளியே நிற்கிற ஒருத்தராவது என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று இருக்கிறது. அவ்வளவுதான். பயம் என்று எழுதியிருந்தாய். எனக்கும்தான்.

மாத்திரை போடுகிறேன்.

லிஃப்ட்காரன்


மார்ச் 25

லிஃப்ட்காரருக்கு,

சரி. சொல்கிறேன். டாக்டர் கேட்டால் 'வேண்டாம்' என்பேன். இனி இதைப் பற்றி எழுதி என் உயிரை வாங்காதீர்கள்.

உப்பைக் குறையுங்கள். படி ஏறாதீர்கள். லிஃப்ட்காரர் லிஃப்டில் போனால் மானம் ஒன்றும் போய்விடாது.

கண்ணாடிக் கடைக்காரி


மே 6

லிஃப்ட்காரருக்கு,

மூன்று நாளாக வார்டு வாசலில் நிற்கிறேன். "அவர் யாரையும் பார்க்க விரும்பலைங்க" என்று சொல்லிச் சொல்லி நர்ஸுக்கே கூச்சமாகிவிட்டது. அதனால் இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாவது படியுங்கள்.

மறுபடியும் உங்களைத் தூக்கி வந்த அன்று டாக்டர் என்னிடம், "குழாய் போடணும். அவரால இப்ப பேச முடிஞ்சா என்ன சொல்வார்?" என்று கேட்டார். கேள்வியைப் பாருங்கள். பதில் உங்கள் கையெழுத்தோடு என் கைப்பைக்குள் இருந்தது. 'வேண்டாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போடலைன்னா?" என்று கேட்டுவிட்டேன். "இன்னிக்குத் தாண்ட மாட்டார். போட்டா, இது கிருமியால வந்த நிமோனியா, நாலஞ்சு நாள்ல தேறலாம். தேறாமலும் போகலாம்" என்றார்.

"போடுங்க. நாலு நாள். நான் சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்க" என்றேன். உங்கள் குரலில்தான் கத்தினேன் என்று நினைக்கிறேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

உங்கள் பேச்சை நான் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டு மீறினேன். எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்' சொன்னவளுக்கு இதற்கு மட்டும் சொல்ல வரவில்லை. நீங்கள் இருக்க வேண்டும் என்று இருந்தது. பத்தொன்பது வருஷம் கழித்து இது என்ன கண்றாவி என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது. நாலாம் நாள் குழாயை எடுத்தார்கள், நீங்களாகவே மூச்சு விட்டீர்கள். மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் செய்ததற்கு வருத்தப்படவில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கடைக்காரி


மே 14

கண்ணாடிக்காரிக்கு,

இந்தத் தடவை 'அன்புள்ள' எழுத எனக்கும் கை வரவில்லை.

உன்னிடம் ஒரே ஒரு 'வேண்டாம்' கேட்டேன். பதினோரு வருஷம் சினிமாவுக்கும் சோபாவுக்கும் வாரி வழங்கிய வார்த்தை. தொண்டை இன்னும் புண்ணாக இருக்கிறது. குழாயைப் பிடுங்கிவிடுவேன் என்று கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள், அதை மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு நாளும் நான் கேட்டு வாங்காத நாள். நீ சொன்னது நடந்தது, நான் சொன்னது நடக்கவில்லை. கோபம் தீரவில்லை.

நேற்றுக் காலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்க் கட்டடத்தில் ஒரு மெக்கானிக், 'லிஃப்ட் பழுது' என்று போர்டு வைக்காமலே கதவைத் திறந்து போட்டுவிட்டு வேலையை ஆரம்பிக்கிறான். கண்ணாடியைத் தட்டிக் கத்தினேன். குரலே வரவில்லை, நர்ஸ் பதறி ஓடி வந்தார். அவரைக் கீழே அனுப்பி, அந்த மடையன் போர்டு வைக்கிற வரைக்கும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. அந்த ஒரு மணி நேரம் உன் மேல் இருந்த கோபம் மறந்து போயிருந்தது. அப்புறம் திரும்ப வந்துவிட்டது.

ஃபாரத்தை மாற்றிவிட்டேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முடிவு சொல்ல வேண்டியவர் இனி தம்பி. என் விருப்பத்தையும் தனித் தாளில் எழுதி, டாக்டர் கையெழுத்து வாங்கி அதோடு சேர்த்திருக்கிறேன். அவன் அழுதாலும் தலையாட்டினாலும் செல்லாது. அடுத்த தடவை நான் சொன்னதுதான் நடக்கும். அதைத் தெரிந்துகொண்டு வா.

ஆமாம், வா. உன் பேர் இப்போது எந்தக் கட்டத்திலும் இல்லை. எந்த டாக்டரும் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டார். பார்வையாளர் நேரம் நாலிலிருந்து ஆறு வரை. பெஞ்சில் உட்காராமல் உள்ளே வா. உன்னுடையது இல்லாத அந்தக் குடையைத் தம்பியிடம் சொல்லிக் கொண்டுவர வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கோபமாக இருக்கும்
லிஃப்ட்காரன்