பதினோரு 'கூடாது'

மார்ச் 3, செவ்வாய்

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம். எங்கள் கிளை நூலகத்துக்கு ஒரு நாளைக்கு இருபத்தேழு பேர்தான் வருகிறார்களாம். மே மாதத்துக்குள் ஐம்பது ஆகாவிட்டால் கிளைக்குப் பூட்டு. எனக்குப் பெரிய நூலகத்தின் கிடங்கில் வேலை. அதற்குள் ஆறு வாரம் மார்க்கெட்டிங் வகுப்பு, கட்டாயம். இருபத்திரண்டு வருஷமாக இங்கே நூலகர். இனிமேல் சோப்பு விற்கிற மாதிரி கூவ வேண்டுமா?

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு இலவசம்னு போடு" என்கிறார் வீட்டுக்காரர். இவருக்கு எல்லாமே விளையாட்டு.

மார்ச் 7, சனி

முதல் வகுப்பு. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. நான் எழுதிய போஸ்டரைக் காட்டினேன்: 'அறிவுச் சுடரேற்ற அனைவரும் வருக!'

"அழகா இருக்கு மேடம். யாருக்கு இது?"

அனைவருக்கும்தான் என்றேன்.

"அனைவர்னு ஒருத்தர் தெருவுல போய் நான் பார்த்ததில்லையே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. போஸ்டரை ஒட்டத்தான் போகிறேன்.

மார்ச் 12, வியாழன்

போஸ்டர் ஒட்டி நான்கு நாள். இருபத்தாறு பேர். ஒன்று குறைந்திருக்கிறது!

மார்ச் 14, சனி

இரண்டாவது வகுப்பு. நூலக வாசலைப் படமெடுத்து வரச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண். என் அறிவிப்புப் பலகையைத் திரையில் பெரிதாகப் போட்டாள். பேசக் கூடாது. பையோடு வரக் கூடாது. நாற்காலியை நகர்த்தக் கூடாது...

"மேடம், பதினோரு 'கூடாது' இருக்கு. 'வாங்க' ஒண்ணுகூட இல்ல."

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, கோடு போட்டு, நானே எழுதிய பலகை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுப்பாடம்: நூலகத்துக்கு வராத மூன்று பேரிடம் ஏன் வருவதில்லை என்று கேட்க வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது. இது பன்னிரண்டாவது.

மார்ச் 17, செவ்வாய்

மருந்துக்கடைக்காரருக்கு நேரமில்லை. சலவைக்காரருக்கு எழுத்து தெரியவில்லை, மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டுமாம். மூன்றாவது, நூலகத்துக்கு எதிரே இருக்கும் தையல்கடை அம்மா. மிஷினை நிறுத்தவே இல்லை.

"வந்தேனே. பதினஞ்சு வருஷம் முன்னால, கைக்குழந்தையோட. பாப்பா அழுதுச்சு. 'வாயை மூடத் தெரியாததை எல்லாம் ஏன் தூக்கிட்டு வர்றீங்க'ன்னு கேட்டீங்க. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க."

எனக்கு நினைவே இல்லை. கொஞ்சம்கூட. நானா? — வேறு யார், அங்கே நான் ஒருத்திதானே இருந்தேன்.

"அந்தப் பொண்ணு இப்ப பதினொண்ணாவது. பஸ் ஏறிப் பெரிய லைப்ரரிக்குப் போறா."

வாசலைத் தாண்டித்தானே தினமும் போயிருப்பாள். சே, என்ன வாய் எனக்கு!

மார்ச் 18, புதன்

கடை திறக்கும்போதே போய் நின்றேன். "தப்பு என்னுதுதாம்மா. மன்னிச்சிடுங்க" என்றேன். "அதெல்லாம் பரவால்ல, விடுங்க" என்று ஊசியில் நூல் கோத்தார். முகம் பார்க்கவில்லை. மனசு ஆறவில்லை என்று புரிந்தது.

திரும்பி வந்து ஸ்டூல் போட்டு ஏறி, பலகையைக் கழற்றினேன். ஒரு ஆணி மட்டும் வரமாட்டேன் என்றது. இருக்கட்டும் என்று விட்டேன்.

ஏப்ரல் 11, சனி

கடைசி வகுப்பு. நோட்டில் எழுதியது இரண்டே வரி. யாருக்கு என்ன வேண்டும் என்று கேள். அதை வைத்திருக்கிறாய் என்று அவர்களிடமே போய்ச் சொல்.

செவ்வாய் மதியம் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு. அழலாம், ஓடலாம். உள் அலமாரியில் கிடந்த தையல் டிசைன் புத்தகங்கள் முன் மேஜைக்கு வந்துவிட்டன. கடை கடையாக நானே போய்ச் சொன்னேன். கால் வலி உயிர் போகிறது. தையல்கடை அம்மா "பார்க்கலாம்" என்றார்.

தினமும் பேப்பர் படிக்க வருகிற பென்ஷன்காரருக்குத்தான் கோபம். "இனிமே இங்க மனுஷன் படிக்க முடியுமா?" செவ்வாய் மட்டும் காலையில் வரச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

முப்பத்தொன்பது.

மே 26, செவ்வாய்

அதிகாரி வந்தார். அவர் பதிவேட்டைப் புரட்டும்போது ஒரு வாண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. சராசரி நாற்பத்தாறு. "ஐம்பது வரலியேம்மா" என்றார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, இன்னும் ஒரு வருஷம் நடக்கட்டும்" என்று கையெழுத்துப் போட்டார். அப்பாடா!

அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பினால், தையல்கடை அம்மா மேஜை அருகே நிற்கிறார். பக்கத்தில் மகள், அம்மாவைவிட உயரம். உறுப்பினர் படிவத்தை நிரப்பி நீட்டினார்.

வகுப்பில் கற்று நான் சேர்த்த கேள்வி அதில் கடைசியாக இருக்கிறது: 'எங்கள் நூலகத்தைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டீர்கள்?' போஸ்டர், நண்பர்கள், மற்றவை. எதிலும் டிக் இல்லை. ஓரத்தில் எழுதியிருந்தார்:

'பதினஞ்சு வருஷமாத் தெரியும். இப்பதான் கூப்பிட்டாங்க.'