எந்த நாள் திதி

பாங்யோ
12 ஜூன் 2023

அன்புள்ள இன்பேக்கு,

நீ இன்னும் கடலில் விழாமல் இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். சூரை மீன் கப்பலில் இன்ஜினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு மின்னஞ்சல் கிடையாது என்பதால், பல வருடம் கழித்துப் பேனா வாங்கியிருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஊருக்குப் போயிருந்தேன். உன் அம்மா வீட்டு மின்சார மீட்டரிலும் தண்ணீர் மீட்டரிலும் எங்கள் கருவியைப் பொருத்தியாயிற்று. உள்ளே ஓடுவது நான் எழுதிய நிரல். தனியாக இருக்கும் வயதானவர்கள் வீட்டில் விளக்கும் தண்ணீரும் வழக்கத்துக்கு மாறினால் பன்னிரண்டு மணி நேரத்தில் வட்டார அலுவலகத்துக்கு எச்சரிக்கை போகும். ஆள் வந்து கதவைத் தட்டுவார்கள். அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். "அப்போ நான் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறேன்னு நீ பாங்யோல உக்காந்து எண்ணுவியா? இதுக்காடா இவ்வளவு படிச்சே?" என்றாள். கிளம்பும்போது நெத்திலி வறுவல் இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தாள்.

விடுமுறைதான் ஒரே தலைவலி. போன புத்தாண்டுக்கு எல்லோரும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட, அறுபத்து மூன்று வீட்டிலிருந்து எச்சரிக்கை. அலுவலர்கள் பண்டிகைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினார்கள். ஒரு வீட்டில்கூட ஆபத்து இல்லை. மேலதிகாரி போனில் என்னை வாங்கு வாங்கென்று வாங்கினார். சுசொக் அறுவடைப் பண்டிகை வருவதற்குள் இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

உன்
கியூதே


தென் பசிபிக், கப்பலில்
20 ஆகஸ்ட் 2023

டேய் கியூதே,

மீன் ஏற்ற வந்த கப்பலில் உன் கடிதம் நேற்றுதான் வந்தது. மூன்று தடவை படித்தேன். இங்கே படிக்க வேறு என்ன இருக்கிறது?

உன் பிழைப்பை நினைத்தால் சிரிப்பு வருகிறது. முதலில் விளையாட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து, எந்தப் பையன் என்றைக்கு விளையாட்டை விட்டுப் போவான் என்று கணித்தாய். அப்புறம் கடன் அட்டைக் கம்பெனி. இப்போது கிழவிகள் விளக்குப் போடுகிறார்களா என்று பார்க்கிறாய். முனைவர் பட்டத்தைப் பாதியில் விட்டதற்கு உன் அப்பா இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லையா? நீ செய்ததிலேயே உருப்படியான வேலை இதுதான் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்.

சுசொக்குக்கு இந்தத் தடவையும் வர முடியாது. மாற்று ஆள் கிடைக்கவில்லை. இது மூன்றாவது வருடம். துறைமுகத்தில் நின்றபோது அம்மாவுக்குப் போன் செய்தேன். "வராட்டி போ. உங்கப்பாவுக்குப் படையல் போட்டுட்டு, டிவியைப் பாத்துட்டுப் படுத்துக்கறேன்" என்றாள். குரல் சரியில்லை. அவளுக்கு என்னை விட்டால் போக்கிடம் ஏது? உன் கருவி இருக்கிற தைரியத்தில்தான் நான் தூங்குகிறேன். பார்த்துக்கொள்ளடா.

இன்பே


பாங்யோ
14 அக்டோபர் 2023

அன்புள்ள இன்பேக்கு,

கேப்டன் உன்னிடம் சொல்லியிருப்பார். எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இந்த சுசொக்குக்கு ஆறு நாள் தொடர் விடுமுறை. அக்டோபர் நாலாம் தேதி காலையில் அலுவலகம் திறந்த பிறகுதான் ஆள் போய்ப் பார்த்தார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சாவு வீட்டில் மூன்று நாளும் நான்தான் இருந்தேன். தலைமகன் கட்டும் கைப்பட்டையை உன் சித்தப்பா எனக்குக் கட்டிவிட்டார். "இன்பே இல்லாத குறைக்கு நீ நில்லுடா, அவ கையால எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கே" என்றார். வந்தவர்களுக்கெல்லாம் உன் இடத்தில் நின்று குனிந்து வணங்கினேன். சாம்பலை உன் அப்பா பக்கத்திலேயே வைத்தோம்.

விடுமுறையாகப் போய்விட்டது, இன்பே. வேறு என்ன சொல்ல.

கியூதே


தென் பசிபிக், கப்பலில்
2 டிசம்பர் 2023

கியூதே,

நான் செய்ய வேண்டியதை நீ செய்தாய். இந்தக் கடனை எந்தப் பிறவியில் தீர்ப்பேன் என்று தெரியவில்லை. அழுது முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். இன்ஜின் அறைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பது ஒரு வசதி.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். திதி எந்த நாளில் கொடுப்பது? செப்டம்பர் இருபத்தொன்பதுக்கும் அக்டோபர் மூன்றுக்கும் நடுவில் ஏதோ ஒரு நாள் என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். நாள் தெரியாமல் செத்தவர்களுக்கு சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் பொதுவாகக் கொடுக்கலாம் என்கிறார் சித்தப்பா. போரில் தொலைந்தவர்களுக்கும் பிணம் கிடைக்காதவர்களுக்கும் கொடுக்கிற நாள் அது. வீட்டில் செத்த என் அம்மாவை அந்தக் கூட்டத்தில் சேர்க்க மனசு வரவில்லை.

உன் கருவியில் எல்லாம் பதிந்திருக்குமே. பார்த்து நாளை மட்டும் எழுது.

இன்பே


பாங்யோ
15 ஜனவரி 2024

இன்பே,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். அவள் விழுந்தது சுசொக் அன்று காலை, செப்டம்பர் இருபத்தொன்பது; சந்திரக் கணக்கில் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள். அன்றைக்கே போய்விட்டாள் என்று எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். தப்பான நாளில் சோறு வைத்தால் அவள் வருவாளா? அந்தப் பயத்தில் உள்ளதை எழுதுகிறேன்.

காலை ஆறு நாற்பதுக்குக் குளியலறை விளக்கு எரிந்தது. அப்புறம் அணையவே இல்லை. அன்று சாயங்காலம் கொஞ்சம் தண்ணீர் போயிருக்கிறது, தரையோரக் குழாயிலிருந்துதான் இருக்க வேண்டும். மறுநாள் இரண்டு தடவை. அதற்கும் மறுநாள், அக்டோபர் ஒன்று, மாலை நாலு பத்துக்குக் கடைசியாக, ஒரு கை அள்ளும் அளவு. அதன்பின் இல்லை. திதி எட்டாம் மாதம் பதினேழாம் நாள்.

இன்னொன்றும் இருக்கிறது. விழுந்த அன்றே சாயங்காலம் ஆறே முக்காலுக்கு நிரல் அவளைக் கண்டுபிடித்துவிட்டது. எச்சரிக்கை தயாராகிவிட்டது. ஆனால் விடுமுறை நாளில் எச்சரிக்கை எதுவும் போகக் கூடாது என்று செப்டம்பரில் நான்தான் ஒரு வரி சேர்த்திருந்தேன். பண்டிகைக்கு எல்லோரும் பிள்ளைகளிடம் போய்விடுவார்கள் என்று எண்ணிவிட்டேன். அலுவலகத்தில் அத்தனை பேரும் சரி என்றார்கள். எங்களில் ஒருவனுக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

உன் கடிதம் விடுமுறைக்கு மூன்று நாள் முன்பே கைக்கு வந்தது. அம்மா தனியாக இருப்பாள் என்று படித்தேன். அவள் வீட்டுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க இரண்டு நிமிடம் போதும். மாமனார் ஊருக்குப் போகும் அவசரத்தில் நாளைக்குச் செய்யலாம் என்று வைத்தேன். மறந்துவிட்டேன். இதைத்தான் அக்டோபரில் உன்னிடம் மறைத்தேன்.

அந்த வரியை எடுத்துவிட்டேன். வேலையையும் விட்டுவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை.

கியூதே


தென் பசிபிக், கப்பலில்
9 மார்ச் 2024

கியூதே,

கிடைத்தது. பதினேழாம் நாள் என்று குறித்துக்கொண்டேன்.

நான் நாளை மட்டும்தான் கேட்டேன். பதினைந்து என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நீ பொய் சொல்லவில்லை, அதற்கு உன்னை மதிக்கிறேன். ஆனால் இங்கே குழாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று பிடித்துப் பார்க்கிறேன். மூன்று வருடம் வீட்டுக்குப் போகாத நானும் யோக்கியன் இல்லை. அதை யாருக்குக் கடிதம் போட்டுச் சொல்வது என்று தெரியவில்லை.

மே மாதம் கப்பலை விட்டு இறங்குகிறேன். வருஷாவருஷம் அந்த நாளில் அவளுக்குச் சோறு படைப்பேன். நீ அவள் கையால் சாப்பிட்டவன், பிள்ளை இடத்தில் நின்றவன். அவளைக் கும்பிட உனக்கும் உரிமை உண்டு. உன் வீட்டில் கும்பிட்டுக்கொள். என் வீட்டுக்கு வராதே.

இன்பே