பின்பக்கத்து நம்பர்

இன்று காலை கடையில் நல்லெண்ணெய் டின்னைத் திறந்ததும் விரல் தானாக உள்ளே போனது. தொட்டு, தேய்த்து, முகர்ந்து பார்த்தேன். நீ சிரிக்கிற மாதிரியே இருந்தது. நீ போன பிறகும் இந்த விரலைக் கேலி செய்வதை மட்டும் விடவில்லை.

நீ ஆசைப்பட்டு வாங்கிய அந்தப் பழைய ஜெர்மன் காருக்கு முதல் தடவை ஆயில் மாற்றப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? பைபாஸ் ரோட்டு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் கேனைத் திறந்ததுமே ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்து, நல்ல சரக்கு, ஊற்று என்று தீர்ப்பே சொல்லிவிட்டேன். எண்ணெய் வியாபாரி அல்லவா. நீ கேனை வாங்கித் திருப்பினாய்.

"இதுல உங்க மூக்குக்கு வேலை இல்லைங்க. கார் கம்பெனி ஒத்துக்கிட்ட நம்பர் பின்னாடி இருக்கான்னு பாருங்க."

முன்பக்கத்துக் கிரேடு எண்ணெயின் பதத்தை மட்டும்தான் சொல்லும், கம்பெனிக்காரன் சோதித்துப் பார்த்துச் சம்மதித்த எண்ணெய்க்குத்தான் அந்த நம்பர் என்று வீடு வரும்வரை பாடம் நடத்தினாய். புகையின் சூட்டிலேயே சுற்றி எஞ்சினுக்குக் காற்றை ஊட்டுகிற டர்போவுக்கு அந்த எண்ணெயை விட்டால் வேறு துணை இல்லையாம். ஒத்துவராத எண்ணெய் அங்கே கரியாகப் படியுமாம். பாதி கேட்டேன், பாதி தூங்கினேன்.

கோச்சடை வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் எஞ்சினை அணைக்க மாட்டாய். டர்போ கொஞ்சம் ஆறட்டும் என்பாய். நம் வீட்டின் முக்கியமான பேச்செல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில்தான் நடந்தது. மகன் கல்யாணத்துக்கு நான் தலையாட்டியது அங்கேதான். டாக்டர் சொன்னதை நீ என்னிடம் சொன்னதும் அங்கேதான்.

போன மாதம் மறுபடி ஆயில் மாற்ற வேண்டி வந்தது. டர்போ போனால் பேசாமல் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று மகன் ஏற்கெனவே சொல்லியிருந்தான். அவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் நீ உட்கார்ந்து ஓட்டிய சீட் அதில்தானே இருக்கிறது.

நீ வழக்கமாக ஊற்றச் சொல்லும் ஆயில், மெக்கானிக்கிடம் இல்லை. வேறொன்றைக் காட்டினார்.

"அதே கிரேடுதாண்ணே. அம்புட்டு வித்தியாசம் தெரியாது. ஊத்திரவா?"

தேய்த்துப் பார்த்தேன். அருமையான வழுவழுப்பு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேனைத் திருப்பினேன். இந்த வகைக் கார்களுக்கு ஏற்றது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம்பர் இல்லை. இதனால் கெடுதல் வருமா என்று கேட்டேன்.

"நாளைக்கே ஒண்ணும் ஆகாது. நாள்பட என்ன ஆகும்னு நான் எப்படிண்ணே சொல்ல?"

நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை. நம்பர் உள்ளதை வரவழைக்கச் சொல்லிவிட்டு, அதுவரை டவுன் பஸ்ஸில் கடைக்குப் போய்வந்தேன். அம்மா மாதிரியே பிடிவாதம் என்று மகன் சிரித்தான். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கேன் வந்தது, ஊற்றினோம். மிச்சத்தை உன் பழைய துண்டில் சுற்றி, டிக்கியில் நீ வைக்கிற அதே மூலையில் வைத்திருக்கிறேன். வெற்றிலை வாங்கும் சாக்கில் சோழவந்தான் வரை ஓட்டிப் பார்த்தேன். முனகல் இல்லாமல் ஓடியது.

இப்போதெல்லாம் வாசலில் நிறுத்தினால் நானும் உடனே அணைப்பதில்லை. நான் தூங்கிவந்த பக்கத்து சீட்டில் இப்போது நீ இருப்பதாக நினைத்து, கடையில் நடந்தது, மகன் சொன்னது, முழங்கால் வலி எல்லாம் சொல்கிறேன். டர்போ எப்போதோ ஆறிவிடுகிறது, எனக்குத்தான் இன்னும் கொஞ்ச நேரம் ஆகிறது.