பங்களாப் பூ வேண்டாம் என்று சொல்

அன்புள்ள சுதர்ஷினி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே அக்கா. உன்னோடு அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் வேண்டாம், துஷாந்த் அத்தானுக்கும் வேண்டாம், இதைக் கொண்டுவந்து தருகிற ஷம்ரா அக்காவுக்குக்கூட வேண்டாம். படித்தவுடன் எரித்துவிடு. போர்டிங்கில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்கள் என்றால் தின்றுவிடு, உன் சமையலைவிட மோசமாக இருக்காது.

இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்பதையெல்லாம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதத்திலேயே கேட்டாகிவிட்டது. “கல்யாணப் பொண்ணு வெயில்ல கறுத்துப்போயி வந்து நிக்கக் கூடாதுன்னு எழுது” என்றார். கட்டுநாயக்காவில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு எங்கேயிருந்து வெயில் படும் என்று கேட்டேன். “சொன்னத எழுதுடி, பெரிய இவ” என்றார், எழுதிவிட்டேன். அந்தக் கடிதத்தின் மடிப்புக்குள் இதை ஒளித்து, நாளைக்குப் பள்ளிக்கூடம் போகிற வழியில் பதுளையில் ஷம்ரா அக்கா கையில் கொடுப்பேன். லீவு முடிந்து புறப்படுகிற அவர் வியாழன் ராத்திரிக்குள் உன்னிடம் வந்துவிடுவார். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்று, அதுவும் காதில் வைத்தால் கேட்காது, சத்தமாகப் போட்டால் லயத்து வரிசையில் கடைசி வீடு வரைக்கும் கேட்கும்.

முதலில் நல்ல செய்தியைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயில் மண்டபத்தை அதிகக் காசில்லாமலே சோடித்துவிடுவோம் போல இருக்கிறது. மேடைக்குப் பின்னால் திரை கட்ட லயத்தில் வீடு வீடாகப் போய்க் கூறைச்சேலை கேட்டேன். யாரும் இல்லையென்று சொல்லவில்லை, இப்போது யாருடைய சேலை நடுவில் வருவது என்றுதான் சண்டை. “பொண்ணப் பெத்தவ சேல ஓரத்துல தொங்குனா நான் மணவறப் பக்கமே வரமாட்டேன்” என்று அம்மா சொல்லிவிட்டார். பதுளையில் சோடனைச் சாமான் வாடகைக்குக் கொடுக்கிற மொஹிதீன் நானா சிவப்புக் கம்பளத்தைப் பாதி வாடகைக்குத் தருகிறார், நடுவில் பெரிய குழம்புக் கறை. கேட்டதற்கு, “அந்த எடத்துல மாப்புள வூட்டு ஆள் ஒருத்தர உக்கார வெச்சிருங்க தங்கச்சி, ஆரு எழுப்பிப் பாக்கப்போறா” என்கிறார். உன் மாமனாரைத்தான் நினைத்திருக்கிறேன், கறையை முழுசாக மறைக்க அவரால்தான் முடியும். தென்னங்குருத்து நம் மலையில் ஏது, ராமாமிர்தம் மாமா பெரகலைக்குக் கீழே போய் ஒரு கட்டு வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தார், கண்டக்டர் ஓலைக்கும் டிக்கெட் கேட்டாராம். ஒரு சாயந்திரம் முழுக்க உட்கார்ந்து ஓலையைக் குருவி குருவியாக மடித்துத் தோரணம் பின்னிக் கொடியில் தொங்கவிட்டேன். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த அம்மா வாசலிலேயே நின்று அலறினார். “அடி பாவி, மூணு குருவி மடிச்சுத் தலைகீழா வுட்டுருக்கியேடி, இது எழவு வீட்டுத் தோரணம்! கல்யாணத்துக்கு நாலு குருவி, அதுவும் மேல பாக்கணும்!” மாமா மட்டும், “இருக்கட்டும் தங்கச்சி, இனிமே என்னா நடக்கப்போவுதுன்னு மாப்பிள்ளைக்கும் தெரியணுமுல்ல” என்றார். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடித்தேன், விரல் நுனியெல்லாம் எரிகிறது.

இனித்தான் நான் பயந்துகொண்டு எழுதுகிற விஷயம். உன்னோடு வேலை செய்கிற பெண்ணின் கல்யாண மேடையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாயே, முழுக்க வெள்ளைத் துணியும் கொத்துக் கொத்தாக நீலப் பூவும். எப்படி இருக்கு என்று மட்டும்தான் கேட்டிருந்தாய். அம்மா பார்த்தவுடன் யாரு செத்தா என்று கேட்டார். அப்பா அன்றிலிருந்து படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி அந்தப் பூவையே பார்க்கிறார். அது எஸ்டேட் துரையின் பங்களாத் தோட்டத்தில் அப்பா வளர்க்கிற அதே பூ. மகள் வாய்விட்டுக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு படமாக அனுப்பியிருக்கிறாள் என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். நீ கேட்டாயா கேட்கவில்லையா என்று அவரும் கேட்கமாட்டார், நம் வீட்டில் யார்தான் எதைக் கேட்டிருக்கிறோம். திங்கட்கிழமை என்னைத் தண்ணீர் பிடிக்கிற பீலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், “தொர வெள்ளிக்கிழம கொழும்புக்குப் போறாரு. அன்னைக்கு ராவுல நான் வெட்டிக்கிட்டு வந்துருவேன். மேடையில கட்டப்போறது நீதானே, அதான் ஒனக்கு மட்டும் சொல்றேன்” என்றார். கேட்டு வாங்கலாமே அப்பா என்றேன். “கோயிலுக்குக் கேட்டதுக்கே பங்களாப் பூவு பங்களாவுக்குத்தான்னு சொன்ன மனுசன் பாப்பா. எத்தன வருசமா நான் தண்ணி ஊத்துன பூவு. ஒருநா என் புள்ள பக்கத்துல இருந்தா என்னா?” என்று கேட்டார். பிறகு கோயில் பக்கம் திரும்பி நிற்கவைத்து யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை, அம்மன் அதைக் கவனித்திருப்பாள் என்று நம்புகிறேன்.

பிடிபட்டால் வேலை போகும், வேலை போனால் இந்த லயத்து வீடும் போகும். ராத்திரிக் காவல்காரர் கண்ணில் படாமல் வந்தாலும் தப்ப முடியாது. சாமிக்கு வைத்த பிறகு முதல் கல்யாணப் பத்திரிகையைத் துரைக்குத்தானே கொடுப்பது வழக்கம், அப்பாவே தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு போய்க் கொடுத்தார். துரை சனிக்கிழமை திரும்பிவிடுவாராம், ஞாயிறு காலை கட்டாயம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வந்து தன் வீட்டுப் பூவுக்கு முன்னாலேயே நின்று உங்களோடு போட்டோ எடுத்துக்கொள்வார். இதை நான் சொன்னதற்கு, “பூவுல பேரா எழுதியிருக்கு?” என்கிறார் அப்பா. இந்தத் தெமோதரைப் பக்கத்தில் வேறெங்கே அந்த நீலம் இருக்கிறது?

அதனால் இது கிடைத்தவுடன் வியாழன் ராத்திரியே அப்பாவுக்குப் போன் எடு. என் பேரை இழுக்காதே. அந்த நீலப் பூவெல்லாம் போன வருஷத்து ஸ்டைல், பார்க்கவே பிடிக்கவில்லை என்று சொல். பொய் சொல்ல வராது என்று நடிக்காதே, துஷாந்த் அத்தானைக் கூட வேலை செய்கிற அண்ணன் என்று இரண்டு வருஷம் சொன்னவள் நீ. ஆனால் அதோடு வைத்துவிடாதே, அவர் முகம் விழுந்துபோகும். நம் வாசலில் அவர் வைத்திருக்கிற செவ்வந்தி நன்றாகப் பூத்திருக்கிறது. கல்யாணத்தன்றைக்கு என் தலைக்கு அதுதான் வேண்டும், அப்பா கையால்தான் பறித்து வைக்க வேண்டும் என்று சொல். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல், நாலு பேர் கேட்டால் அப்புறம் மாற்றமாட்டார்.

வரும்போது சேலைகளைக் கோக்க ஊக்குப் பெட்டி இரண்டு வாங்கி வா. அம்மாவின் ஆசீர்வாதம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. சின்னவள் ஆசீர்வாதம் இதில் இருக்கிறது, பிடித்துக்கொள். கல்யாணத்துக்குப் பிறகு வருகிற சண்டையிலெல்லாம் நீயே ஜெயிக்க வேண்டும், அழுகிறதெல்லாம் அத்தானாகவே

கதவு தட்டுகிற சத்தம். அப்பா உள்ளே தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். வெளியே அவர் குரல், மெதுவாக. “பாப்பா, தொர இன்னைக்கே கெளம்பிட்டாரு. கதவத் தொற, கை ரெண்டும் நெறஞ்சிருக்கு.”