நீ உறையைத் திருப்பிக் கொடுத்த நோன்பு

இன்று காலை கொழும்பிலிருந்து வந்த துணிச் சுருளைப் பிரித்தேன். புதுத்துணி வாசம் முகத்தில் அடித்ததும் நீ பக்கத்தில் நின்று தும்முவது போல் இருந்தது. புடவைக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டுப் புதுத்துணிக்குத் தும்மியவள் நீ ஒருத்திதான். நீ மவுத்தாகி மண்ணுக்குள் போன பிறகு இரண்டு பெருநாள் போய்விட்டன. நோன்பு நெருங்கினால் உன் நினைவு கூடுதலாக வருகிறது. ஏன் என்று உனக்கே தெரியும்.

கல்முனைக் கடைத்தெருவில் நாம் இருவரும் நின்ற அந்தக் கடையில் உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. காலையில் கதவு திறந்தது முதல் பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரை நின்றபடியே துணி விரித்துக் காட்டுவோம், மடிப்போம், மறுபடி விரிப்போம். சம்பளமோ அரிசி விலையைத் துரத்தி ஓட முடியாமல் பின்னால் கிடந்தது. கூட்டித் தரச் சொல்லிக் கேட்டோம். முதலாளி ஹாஜியார் கெட்ட மனிதர் அல்ல. "நோன்பு வரட்டும் புள்ளகள், பாத்துச் செய்றன்" என்றார்.

நோன்பும் வந்தது. ஒருநாள் கடையில் வேலை செய்த பெண்கள் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிட்டு ஆளுக்கோர் உறை தந்தார். நல்ல கனம். எங்களுக்கு வாயெல்லாம் பல். நீ மட்டும் உறையைப் பிரிக்காமல் கேட்டாய்.

"ஹாஜியார், இது சம்பளமா, ஸகாத்தா?"

"ஸகாத்துதான் மகள். ஏழைகளுக்குப் போற பங்க வெளிய குடுக்காம எங்கட கடைப் புள்ளகளுக்கே குடுப்பமெண்டு நெனச்சன். நீங்க கூட்டிக் கேட்டதும் இதுக்குள்ள அடங்கிரும்."

"அப்ப எனக்கு இது வேணா ஹாஜியார். நாள் முழுக்க உங்கட கடையில நிண்டு வேல செய்றன். அதுக்குரிய கூலியத் தந்தா, நான் ஸகாத் வாங்குற ஆளா இரிக்க மாட்டன்."

ஹாஜியாரின் முகம் கறுத்துப்போனது. உறையை வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். "நாளைக்கு வா, கதைப்பம்" என்றார். அவ்வளவுதான்.

வழியெல்லாம் உன்னை ஏசிக்கொண்டே வந்தேன். உன் புருஷன் முதுகு முறிந்து கடலுக்குப் போக முடியாமல் கிடந்த நேரம் அது. உன் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது.

"வந்த காசும் போச்சி, வேலயும் போகப்போகுது. உனக்கு விசரா புள்ள?"

"வருஷம் முழுக்கக் கொறச்சித் தந்துபோட்டு நோன்புல ஒருநாள் தூக்கித் தந்தா, அவருக்கு நன்மை, எனக்கு நன்றிக்கடனா? அந்தக் கணக்கு எனக்குச் சரிவரல்ல கா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனால் உன் வீட்டுத் திருப்பத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாய்; நான்தான் கூப்பிட்டு நிறுத்தினேன்.

மறுநாள் ஹாஜியார் சுபஹ் தொழுதுவிட்டு மௌலவியிடம் போய்க் கேட்டுவிட்டே கடைக்கு வந்திருந்தார். "கூலிய ஸகாத்தால கழிக்கப்படாதாம். எனக்கு இவ்வளவு நாளும் விளங்கல்ல" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அதைச் சொல்லவும் ஒரு மனம் வேண்டும். அந்த மனிதருக்கும் நான் நன்றியுள்ளவள். அடுத்த மாதமே எல்லோருக்கும் சம்பளம் கூடியது. கேட்ட அளவுக்கு இல்லைதான். உன் உறை வேறு ஏதோ ஒரு வீட்டுக்குப் போனது. எங்கள் உறைகள் எங்களிடமே இருந்தன.

"உன்னால எங்களுக்கு ரெண்டும் கெடச்சிது" என்று எத்தனை தரம் உன்னைச் சீண்டியிருப்பேன். "அப்ப பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிச்சுத் தா" என்பாய். அவித்துத் தந்தால் இனிப்புக் காணாது என்பாய்.

கூடிய சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே, உன் மகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நீ கூட்டிக் கொடுத்தாய். அவள் கேட்கவே இல்லை. உனக்கே போதாத நேரத்தில் இது ஏன் என்று கேட்டேன். "நானும் ஒரு சின்ன ஹாஜியாராகிரப்படாது" என்றாய்.

இப்போது எனக்கும் ஒரு தையல் கடை இருக்கிறது. நான்கு பெண்கள் அபாயா தைக்கிறார்கள். விற்பனை படுத்துவிடும் மாதங்களில், இப்போது சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு நோன்பில் பார்த்துக்கொள்ளலாமே என்று எனக்கும் தோன்றத்தான் செய்கிறது. தோன்றும்போதெல்லாம் சம்பளமா ஸகாத்தா என்று நீ கேட்கிறாய். என்னை இந்த அளவுக்காவது நேராக வைத்திருப்பது அந்தக் கேள்விதான்.

நேற்று அந்த நால்வரில் ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். கணவன் விட்டுப்போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு என்னிடம் வேலைக்கு வந்தவள்.

"ராத்தா, கொஞ்சம் சேத்து வெச்சிரிக்கன். அதுக்கு நான் ஸகாத் குடுக்க வருமா?"

எவ்வளவு என்று காதோடு சொன்னாள். ஸகாத் கடமையாகும் அளவை அது தாண்டியிருந்தது. "ஓம், வருஷம் நெறஞ்சா வரும்" என்றேன்.

அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். காசு கொடுக்கவேண்டி வந்துவிட்டது என்று ஒருத்தி அப்படிச் சந்தோஷப்பட்டதை நான் இதற்கு முன் கண்டதில்லை.