அண்ணன் சிரிப்பான்

சித்தப்பா, இதை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். காட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள், தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். பயமாக இருக்கிறது.

சென்னையிலிருந்து அப்பா எடுத்து வந்த உங்கள் பை என் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. "காலைல தொறப்போம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். நான் இப்போதே திறந்துவிட்டேன். மேலே இருந்த சட்டைக் காலரில் மேக்கப் பவுடர் வாசனை. முகம் கழுவிய பிறகும் உங்கள் மேல் இருக்குமே, அதே வாசனை.

டீக்கடைக்காரர், தபால்காரர், மாப்பிள்ளையின் மாமா என்று பெயரில்லாத வேடங்களில் பல வருடம் நடித்தீர்கள். வாய்ப்புக் குறைந்ததும் டிவி காமெடித் தொடருக்கு எழுத உட்கார்ந்தீர்கள். "மொகம் சலிச்சுப் போச்சு ஏட்டி, இனி கை சம்பாதிக்கட்டும்" என்றீர்கள்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்திருந்தபோதும் ஒரு காட்சி எழுத வேண்டியிருந்தது. ஒன்றும் தோன்றவில்லை என்று மொட்டைமாடியில் நடந்துகொண்டே இருந்தீர்கள். நான் நோட்டிலிருந்து நான்கு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். தறிச் சத்தத்திலேயே இருந்து பழகி, எங்கு போனாலும் கத்திப் பேசும் ஒருவர். துக்க வீட்டில் பக்கத்து ஆளின் காதில், "ரெண்டாவது சம்சாரத்துக்குச் சொல்லி விட்டாச்சா?" என்று ரகசியமாகக் கேட்கிறார். ஒப்பாரி நின்றுவிடுகிறது.

நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "இது எங்க அண்ணன்லா?"

"அப்பா கோவப்படுவாங்களா?"

"அவனா? மொதல்ல அவந்தான் சிரிப்பான்."

அப்பா சிரிக்கவில்லை. காட்சி டிவியில் வந்த மறுநாள் கடைத்தெருவில், "அண்ணாச்சி, ஒரு ரகசியம் சொல்லுங்களேன், ஊரே கேக்கட்டும்" என்றார்களாம். வீட்டுக்கு வந்ததும் உங்களுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

"ஏலே, என்னைய வச்சா எழுதுன?"



"ஆமாண்ணே. நாந்தான்."

என் பெயரை நீங்கள் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா உங்களோடு பேசவே இல்லை.

யாரோடும் சத்தமாகப் பேசுவதும் இல்லை. தறிக்கூடத்தில்கூட மெல்லத்தான் சொல்கிறார். "என்ன அண்ணாச்சி?" என்று திரும்பக் கேட்டால், ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போகிறார். சென்னையில் உங்களைக் கிடத்தியிருந்த இடத்தில் குனிந்து "ஏலே" என்றார். உதடுதான் அசைந்தது.

அந்த நான்கு தாள்களும் உங்கள் பையில் இருக்கின்றன. கடைசித் தாளின் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறீர்கள்: "அண்ணன் சிரிப்பான்." கீழே இரண்டு கோடு.

இதை அப்பா பார்க்க வேண்டும். கேலி செய்ய எழுதியதல்ல என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் தாள் முழுக்க என் கையெழுத்து. கத்தரிக்கோலை எடுத்தேன். ஓரத்தை மட்டும் வெட்டிக் கொடுத்தால், எதற்குச் சிரிப்பான் என்று அவருக்கு எப்படிப் புரியும்? கத்தரிக்கோலை வைத்துவிட்டேன். எனக்காக நீங்கள் "நாந்தான்" என்றீர்கள், சித்தப்பா. அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். மெதுவாக.

"ஏட்டி, லைட்டு எரியுதே?"

அப்பாதான். இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. தாள்கள் என் கையில் இருக்கின்றன. ஒளிக்கப் போவதில்லை, சித்தப்பா. கதவைத் திறக்கிறேன்.