ஆயுத பூஜையன்று நான் எடுத்த எடைக்கல்

அண்ணே,

இன்று ஐஸ் கம்பெனியில் ஆயுத பூஜை. இயந்திரங்களை நிறுத்திக் கழுவி, ஐஸ் அறுக்கும் வாள், கொக்கி, இடுக்கி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். குளிர்ந்த இரும்பில் சந்தனம் லேசில் ஒட்டாது, விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது சந்தனமும் ஐஸை மூடிவைக்கிற ஈர மரத்தூளும் கலந்து ஒரு வாசம் வரும். அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை. தலைவலி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடம் மூன்று முறை பொய் சொன்னவனுக்கு இது நாலாவது.

நீங்கள் எங்கள் கம்பெனிக்குக் கணக்குக் கிராணியாக வந்தபோது உலகச் சண்டை முடிந்து நாலைந்து வருஷம் இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், மெட்ராஸில் பௌதிகம் படித்து பி.ஏ. பாஸ் செய்தவர். நான் பீடோர் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவரின் மகன், ஐஸ் அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவன். உங்கள் ஊர்க் கிராணிமார் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நீங்கள் முதல் நாளே என் எதிரில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தீர்கள். நான் பதறி எழுந்து “ஐயா” என்றேன். “ஐயா கிய்யா வேண்டாம் காணும், இரும்” என்றீர்கள். அன்றிலிருந்து அண்ணே.

ஐஸை நான் விற்கிற சாமானாகத்தான் பார்த்தேன். நீங்கள் அதைப் பார்த்த விதமே வேறு.

“ஐரோப்பாவிலை மலை உச்சியிலை இருந்து ஐஸ் ஆறு மாதிரி இறங்குது. பனியாறு. பாத்தால் கல்லு மாதிரிக் கிடக்கும், ஆனா நடக்கும். ஏன் நடக்குது எண்டு இன்னும் ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. அங்கை போய் மூண்டு வருஷம் அதைப் படிக்க வேணும் எண்டு எனக்கு ஆசை.”

“அதப் பாக்கவா அண்ணே மூணு வருஷம் படிப்பு?”

“படிப்பும் உண்டு, சம்பளமும் உண்டு. கடைசியிலை டாக்டர் பட்டம்.”

“அப்போ ஊசி போடுவீங்களா?”

“ஐஸுக்குத்தான் போட வேணும்.”

எவ்வளவு சிரித்தோம் அன்றைக்கு. ஆனால் அது உங்களுக்கு விளையாட்டு இல்லை. பனியாறுகளை ஆராயும் ஒரு பேராசிரியருக்கு நீங்களாகவே கடிதம் எழுதினீர்கள். அவர் பதில் போட்டார். அவரிடம் ஒரே ஓர் இடம் இருந்தது. பனியைக் கண்ணால் கண்டிராத ஊர்க்காரருக்கு அவர் ஒரு சோதனை வைத்தார். ஓர் ஐஸ் சட்டத்தை இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, முப்பது நாள் இடைவிடாமல் அது எவ்வளவு வளைகிறது என்று அளந்து அனுப்ப வேண்டும். தீபாவளி முடிந்து பினாங்கிலிருந்து புறப்படும் தபால் கப்பலில் அந்த அட்டவணை போயாக வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும்.

கம்பெனி முதலாளி தவுக்கே ஐஸ் அறையின் மூலையைக் கொடுத்தார். தராசுக்கு வைத்திருந்த இரும்பு எடைக்கல் ஒன்றை எடுத்துத் தொங்கவிட்டீர்கள். காலையும் மாலையும் வந்து, வளைவைக் காட்டும் முள்ளைப் பார்ப்பீர்கள், நோட்டில் எழுதுவீர்கள். ஐஸ் சட்டம் நாளுக்கு நாள் மயிரிழை வளைந்தது. உங்கள் முகம் நாளுக்கு நாள் தெளிந்தது.

“இதை ஒருத்தரும் தொடக் கூடாது. சாவி உம்மட்டை இருக்கிறபடியால் எனக்குப் பயமில்லை.”

“நான் பாத்துக்கறேன் அண்ணே. கவலய விடுங்க லா.”

இருபத்தாறாம் நாள் ஆயுத பூஜை வந்தது. காலை அளவை எடுத்துவிட்டு நீங்கள் கோயிலுக்குப் போய்விட்டீர்கள். நான் ஆயுதங்களை வரிசையாக அடுக்கினேன். தோட்டத்தில் ஒரு பால் கத்தி பூஜைக்கு விட்டுப்போனால்கூட என் அப்பா பதறுவார், அது வருஷம் முழுக்கக் கையைப் பதம் பார்க்கும் என்பார். உங்கள் கல் நினைவுக்கு வந்தது. எல்லார் ஆயுதமும் சாமி முன்னால் இருக்க, கடல் தாண்டிப் போக வேண்டியவருடைய ஆயுதம் மட்டும் இருட்டில் தொங்குவதா? எனக்கு மனசு கேட்கவில்லை. பூட்டைத் திறந்தேன். கல்லைக் கழற்றித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாள்களுக்கு நடுவில் சாமி படத்துக்கு நேராக வைத்தேன். உங்களுக்காகத்தான் முதலில் கும்பிட்டேன், அண்ணே. சத்தியமாக.

திரும்பக் கொண்டுபோய்த் தொங்கவிட்டபோது முள் சற்று மேலேறி நின்றது. அப்போதுதான் செய்த தப்பு புரிந்தது. முள்ளை விரலால் பழைய இடத்துக்கு இறக்கிவிட்டேன். கல்லை எடுத்தது அறியாமை என்று வைத்துக்கொள்ளலாம். முள்ளை நகர்த்தியது திருட்டுத்தனம்.

மாலையில் வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, “உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?” என்றீர்கள்.

“ஒண்ணுமில்லயே அண்ணே.”

மறுநாள் சாப்பிடும்போது அதையே கேட்டீர்கள். உறையை ஒட்டி அரக்கு வைக்கும் முன் மூன்றாம் முறையும் கேட்டீர்கள். மூன்று முறையும் ஒரே பதில்தான் சொன்னேன். ‘தோட்டத்தான் புத்தி’ என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயந்தேன். நீங்கள் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் பயந்தேன் பாருங்கள், அதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. இருபத்தாறாம் நாளின் அளவு மற்றவற்றோடு ஒத்துவரவில்லை, காரணமும் குறிக்கப்படவில்லை, இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. இதை எனக்குத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு, கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அன்றைய ஐஸ் வண்டிச் சீட்டைக் கேட்டீர்கள். நான் எடுத்துக் கொடுத்தேன். அந்த வருஷமே வேலையை விட்டுச் சித்தியவானில் பள்ளிக்கூட வாத்தியாராகப் போனீர்கள். போன மாதம் மலேரியாக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

காரியத்துக்கு வந்தபோது உங்கள் மனைவி அந்த நோட்டை என் கையில் வைத்தார். “உங்களிட்டைக் குடுக்கச் சொன்னவர்” என்றார். திறக்கத் தைரியம் வராமல் பெட்டியில் போட்டிருந்தேன். இன்று பூஜையிலிருந்து ஓடிவந்துதான் திறந்தேன்.

இருபத்தாறாம் நாள் பக்கம். மாலை அளவுக்குப் பக்கத்தில் உங்கள் பொடி எழுத்து: ‘கல்லில் குங்குமம். எடை இல்லாதிருந்த நேரம்.’ அதற்கு எதிரே ஒரு சின்னக் கட்டம் போட்டு வெறுமனே விட்டிருக்கிறீர்கள். அதன் கீழே, ‘அவர் சொன்னால் எழுதலாம்.’

பொட்டைத் துடைத்துவிட்டுத் தொங்கவிட வேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை, பாருங்கள். முதல் மாலையே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் குற்றம் சாட்டவா மூன்று முறை கேட்டீர்கள்? உங்களுக்கு வேண்டியிருந்தது கல் தொங்காதிருந்த நேரம், அவ்வளவுதான். அது இருந்தால் நடந்ததை எழுதி அனுப்பியிருப்பீர்கள். பேராசிரியர் ஏற்றிருப்பார் என்று அடித்துச் சொல்ல நான் யார்? ஆனால் கேட்டுப் பார்க்கவாவது உங்களுக்கு வழி இருந்திருக்கும். குத்துமதிப்பாக ஒரு நேரத்தைப் போட்டிருக்கலாமே அண்ணே. அளக்காததை எழுத உங்கள் கை வராது, எனக்குத் தெரியாதா?

அந்தக் கல் இன்னும் கம்பெனித் தராசில்தான் இருக்கிறது. தினமும் அதைத் தூக்கி வைத்துத்தான் ஐஸ் நிறுக்கிறேன். இன்று அதற்குப் பொட்டு வைக்கும் முறை வந்தபோதுதான் எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலை ஒன்பதரைக்குக் கழற்றினேன். கற்பூரம் காட்டி, பொரிகடலை பங்கிட்டு, திரும்ப மாட்டியபோது கம்பெனிக் கடிகாரம் பதினொன்று அடித்தது. முள்ளை இறக்கியதும் நான்தான். கட்டம் சின்னது, என் எழுத்து பெரிது, கோட்டுக்கு வெளியே போகிறது.

ஒன்றரை மணி நேரம், அண்ணே. எழுதிவிட்டேன்.